புற்றும் தேனடையும்: நிலமுடையோர் கவனத்திற்கு

பூச்சி என்றவுடன் விவசாயியின் நினைவுக்கு வருவது பயிர்ச்சேதமே. தண்டுதுளைப்பானும் கம்பளிப்புழுவும் செய்யும் நஷ்டத்தை அனுபவித்தவர்களுக்கு இது இயல்பேயாகும். ஆயினும் பூச்சிகளுள் சில மனிதருக்கு ஆகாரமாகவும், வேறு சில ஆகாரத்தை ஈட்டித் தருவனவாகவும் இருக்கின்றன என்பதை மறத்தல் தகாது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 200 கோடி ஜனங்களின் வழக்கமான உணவில் பூச்சிகளுக்கும் இடமுண்டு என்று கணித்தது. ஒடிசாவின் மயூர்பஞ்சு ஜில்லாவில் முசுறு என்னும் செவ்வெறும்பைக் கொண்டு அரைக்கப்படும் துவையலுக்கு 2024 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இவ்வழக்கம் புதிதன்று. பாரியின் நாட்டு வளத்தைக் கூறும் புறநானூற்று 119 ஆம் பாட்டில், மழைக்குப்பின் செம்புற்றினின்று எழும் ஈசலை மோருடன் சேர்த்துச் சமைத்தலைக் கபிலர் குறிப்பிடுகின்றார். இன்றும் மழை ஓய்ந்த மாலையில் புற்றருகே விளக்கேற்றி, நீர் நிறைந்த பாத்திரத்தை வைத்து ஈசல் பிடிக்கும் குடும்பங்கள் பல. பிடித்த ஈசலை உலர்த்தி, முறத்தில் புடைத்து இறகை நீக்கி, உப்பிட்டு வறுத்து, வறுத்த அரிசியுடன் கலந்து உண்பர். ஈசலில் புரதமும் கொழுப்பும் மிகுதி. இறைச்சி வாங்க வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது செலவின்றிக் கிடைக்கும் சத்துணவாகும். அதே கறையான் புற்றின்மீது மழைக்காலத்தில் முளைக்கும் புற்றுக்காளானும் ருசி மிக்க உணவென்பது யாவரும் அறிந்ததே.

நிலமுடையோரிற் சிலர் இவ்வுணவை இழிவாகக் கருதுகின்றனர். உண்பதும் உண்ணாமலிருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் தாம் உண்ணாத பொருளைப் பிறர் உண்ணுகின்றனர் என்பதை அறிந்தும், அதில் நஞ்சு கலக்கும்படி விடுவது விருப்பத்தைப் பற்றிய காரியமன்று. அது பொறுப்பைப் பற்றிய காரியம். கறையானை ஒழிக்கப் புற்றின் வாயில் பூச்சிமருந்தைக் கரைத்து ஊற்றுவது இப்பொழுது சாதாரண வழக்கமாகிவிட்டது. மருந்து ஊற்றிய புற்றுக்கும் ஊற்றாத புற்றுக்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமை இராது. மருந்து புற்றின் எல்லா அறைகளிலும் பரவாதபோது ஒரு பகுதி பிழைத்து, அடுத்த மழையில் ஈசல் புறப்படுதலும் கூடும். அதை வாரிச் செல்பவர் நஞ்சையும் உடன் கொண்டு செல்கின்றார். கழுவுதலாலும் வறுத்தலாலும் நஞ்சு நீங்கிவிடும் என்று நம்புவதற்கில்லை.

பயிரைக் காப்பது நிலத்துக்குரியவரின் உரிமையல்லவா என்று கேட்கலாம். உரிமைதான். வேர்க்கடலை, கரும்பு, தென்னை நாற்றங்கால் ஆகியவற்றில் கறையானால் விளையும் சேதம் அற்பமன்று. ஆனால் மேட்டுப் புறம்போக்கிலும் கோயில் தோப்பிலும் தூர வரப்பிலும் உள்ள புற்றுக்கு மருந்திடுவதால் ஆதாயம் யாது? வயலுக்குள் உள்ள புற்றையும் முதலில் வெட்டித் திறந்து, தாய்க் கறையானை அகற்றிப் பார்த்தல் நலம். மக்காத எருவும் காய்ந்த சருகும் கறையானை அழைப்பனவாதலால், நன்கு மக்கிய எருவையே இடுதல் வேண்டும். இவற்றாலும் அடங்காவிடில் மட்டும் மருந்தை நாடலாம். அங்ஙனம் செய்பவர் அப்புற்றின்மீது கொம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவதும், அவ்விடத்தில் ஈசலும் காளானும் எடுக்கலாகாதென்று ஊரில் அறிவிப்பதும் கடமையாகும். இதற்கு ஆகும் செலவு ஒரு முழத் துணியே.

மேலும் ஈசல் என்பது புதுப் புற்று அமைக்கப் புறப்படும் கறையானேயாகும். தப்பிப் பிழைக்கும் ஒவ்வோர் இணையும் ஒரு புதுப் புற்றுக்கு வித்தாகும். ஆகவே வரப்போரத்தில் ஈசல் பிடிப்பவரைத் திருடரென விரட்டுவது விவேகமன்று. அவர் நிலத்துக்குரியவருக்குக் கூலியின்றி உதவி செய்பவராவர்.

தேனைப் பற்றியும் இதே நியாயம் பொருந்தும். நீலகிரியின் குறும்பரும் இருளரும் செங்குத்தான பாறைகளினின்று மலைத்தேன் எடுப்பதில் தேர்ந்தவர். தேனடையிலுள்ள புழுவையும் உண்ணும் வழக்கம் மலைவாசிகளிடம் உண்டு. ஆனால் சமவெளியில் அடை முழுவதையும் தீயிட்டு வெட்டிப் பிழிபவர்கள் மறு பருவத்துத் தேனையும் சேர்த்து அழிக்கின்றனர். புழுவும் மகரந்தமும் கலந்து பிழிந்த தேன் விரைவில் புளிக்கும். இக்குறையை நீக்கவே 1911 முதல் 1917 வரை தென்னிந்தியாவில் உழைத்த நியூட்டன் பாதிரியார், இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறு மரப்பெட்டியை அமைத்துக் கிராமத்தாரைப் பழக்கினார். 1920-களில் மார்த்தாண்டத்தில் வேரூன்றிய இத்தொழில் பின்னர் பல்லாயிரம் குடும்பங்களுக்கு உபஜீவனமாயிற்று. 1991-92 இல் பரவிய புழுநோயால் தென்னிந்தியாவின் பெட்டித் தேனீக்களில் பெரும்பகுதி மடிந்தது. தப்பியவற்றினின்று விருத்தியான கூட்டங்களையே இன்று பலரும் வளர்க்கின்றனர். இத்தகைய செல்வத்தைச் சூரியகாந்தியும் எள்ளும் பூத்திருக்கும் முற்பகலில் மருந்து தெளித்துக் கொல்வது, தேனை மட்டுமன்றி மகசூலையும் இழப்பதாகும். தேனீ வராத பூசணிப் பூவில் காய் பிடிப்பது அரிது. மருந்து அவசியமாயின், தேனீக்கள் கூடடைந்த மாலையில் தெளித்தலே தக்கது.

எச்சரிக்கைகளும் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது. இறால் ஒவ்வாதவர்களுக்கு ஈசலும் ஒவ்வாமற் போகலாம். தேன் உறைவது கலப்படத்தின் அடையாளமன்று.

கிராம உத்தியோகஸ்தர்களும் ஊராட்சித் தலைவர்களும் மழைக்காலத்துக்கு முன் கூடும் கிராம சபையில் இரண்டு காரியங்களைத் தீர்மானிப்பார்களாக: மருந்திட்ட புற்றுக்கு அடையாளம் இடுதல் ஒன்று, பூக்கும் பருவத்தில் பகலில் மருந்து தெளிக்காதிருத்தல் மற்றொன்று. ஏழையின் உணவில் நஞ்சு சேராமற் காப்பதும் பயிர்ப் பாதுகாப்பின் ஓர் அங்கமேயாகும்.