தொட்டிலும் தொழிலாளர் உரிமையே!

தியாகராய நகர்க் கடைகளில் சேலை விரித்துக் காட்டும் சகோதரியின் குழந்தை யார் மடியில்? மயிலையிலும் அடையாற்றிலும் பிறர் பிள்ளையைத் தாலாட்டும் தாயின் பிள்ளைக்குத் தாலாட்டு எங்கே?

ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமென்று 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறிற்று. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் கூறுகிறது. சிறு கடைக்கும் வீட்டு வேலைக்கும் அது எட்டவில்லை. அந்த ஏழைத் தாய்மாருக்கு மிஞ்சியது அங்கன்வாடி. அதுவோ பிற்பகலோடு சரி. கடையோ இரவு வரை!

1975இல் தொடங்கிய அத்திட்டத்தைத் தாங்குவோர் பெண்கள். ஊழியருக்கு ஒன்றிய அரசு 2018இல் வகுத்த தொகை மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலம் மேலும் தருவதை அறிவோம். ஆயினும் பெயர் 'மதிப்பூதியம்'! ஊதியம் என்றால் உரிமை பிறந்துவிடும் என்ற அச்சமோ? அவர்கள் பணிக்கொடைக்கு உரியவர்கள் என்று 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்ததே!

அவர்களை முழுநேர ஊழியராக்குக! வேலை முடியும்வரை காப்பகங்களைத் திறந்து வைத்திடுக! இதுவே நம் கோரிக்கை.

தோழர்களே! குழந்தை பெண்ணின் பாடு என்று ஒதுங்காதீர். கூலி உயர்வோடு காப்பகத்தையும் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள்!