கப்பர் சிங்கும் நம்ம ரூட்டும்



அடிபட்ட கதாநாயகன் எழுந்து திருப்பி அடிக்கும்போது கைதட்டாதவர் யார்? குதிரை, துப்பாக்கி, பழிவாங்கல் என்ற அமெரிக்க கௌபாய் பாணி தமிழுக்கும் வந்தது. ஜெய்சங்கர் நடித்த 'கங்கா' (1972) அந்த ரகம்தான். ஆனால் இந்தியாவில் அந்த ரகத்துக்கே தலைமகன் 15-8-1975 அன்று வெளியான ரமேஷ் சிப்பியின் 'ஷோலே'.

கதை தெரிந்ததுதான். போலீஸ் அதிகாரி தாக்கூர், கொள்ளைக்காரன் கப்பர் சிங்கைப் பிடித்து உள்ளே தள்ளுகிறார். தப்பி வந்த கப்பர், ஒரு மருமகள் தவிர அவர் குடும்பத்தையே சுட்டுக் கொல்கிறான். தாக்கூரின் இரண்டு கைகளையும் வெட்டுகிறான். முதலில் எடுத்த முடிவில், கப்பரைக் கொன்றே விடுகிறார் தாக்கூர். எமர்ஜென்சி காலத் தணிக்கைக் குழு அதை ஒத்துக்கொள்ளவில்லை. போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றி எடுத்தார்கள். பழைய முடிவோடு புதுப்பித்த படம், 50 வருடம் கழித்து 2025-இல் திரைக்கு வந்தது.

எந்த முடிவு நியாயம் என்று பட்டிமன்றமே வைக்கலாம். நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பழைய முடிவில், கப்பர் செத்த பிறகு தாக்கூர் சிரிக்கவில்லை, உடைந்து அழுகிறார். போன உயிர் ஒன்றுகூடத் திரும்பவில்லையே!

இப்போது நம்ம கதைக்கு வருவோம். தாக்கூருக்காவது எதிரி யார் என்று தெரியும். நம் ரயிலிலும் பஸ்ஸிலும் நடக்கும் 'ரூட்டு தல' சண்டையில் அதுகூடக் கிடையாது. போன மாசம் எவனோ எவனையோ அடித்தான். அதற்கு இன்று, வேறு காலேஜ் ஐ.டி. கார்டு மாட்டிய ஒருத்தன் அடி வாங்குகிறான். இவனுக்கும் அவனுக்கும் முகப் பழக்கமே இருக்காது! 2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகே தாக்கப்பட்ட ஒரு கல்லூரி மாணவர் சில நாளில் உயிரிழந்தார். அவர் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளை. இதில் யார் கப்பர், யார் தாக்கூர்?

"சட்டம் லேட்டாத்தானே வருது, அதுவரைக்கும் அடி வாங்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். ரயிலில் தகராறு என்றால் 139-க்குப் போன் போடுங்கள். பிரின்சிபாலிடம் எழுத்தில் கொடுங்கள். நாலு பேர் சேர்ந்து சாட்சி சொல்லுங்கள். அடிப்பதற்குக் கூட்டம் சேர்க்கத் தெரிந்த நமக்கு, சாட்சிக்குச் சேர்க்கத் தெரியாதா?

மகன் டிப்ளமோ முடித்ததும் தேர்வாய் கண்டிகை சிப்காட்டில் ஒரு வேலை கிடைக்காதா என்று காத்திருக்கும் வீடுகள் எத்தனை! ஒரு எஃப்.ஐ.ஆரில் பேர் ஏறினால் அந்த வீடும் சேர்ந்துதான் கோர்ட் வாசலில் நிற்கும்.

திரையில் பழிவாங்கினால் மூன்று மணி நேரத்தில் 'சுபம்' போட்டுவிடுவார்கள். நம் ரூட்டில் அதைப் போட ஆள் கிடையாது. முதலில் கையை மடக்குகிறவன்தான் அதைப் போட முடியும். அந்த ஆள் நம் பாலிடெக்னிக் மாணவனாக இருக்கட்டுமே! சிந்திப்போம்.