மிதிவண்டியும் அறுவகை வினாவும்

சென்ற கல்வியாண்டில் எம் கல்லூரியின் வணிகவியல் மாணவர் நால்வர் ஒரு வினாத்தாளுடன் தமிழ்த்துறைக்கு வந்தனர். கல்லூரி வளாகத்தில் மிதிவண்டிகளைப் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் தொழிலொன்றைத் தொடங்க வேண்டும் என்பது அவர்தம் எண்ணம். நுழைவாயிலில் ஒரு வண்டியை எடுத்து நூலகத்தருகே விட்டுவிடலாம். அடுத்தவர் அதனை எடுத்துச் செல்லலாம். இதற்கு மாதக் கட்டணமும் முன்வைப்புத் தொகையும் உண்டு. வருங்கால வாடிக்கையாளர்களாகிய சக மாணவர்களை நேர்கண்டு கருத்தறிய விரும்பிய அவர்கள், வினாத்தாளில் பிழையிருப்பின் திருத்தித் தருமாறு வேண்டினர்.

எழுத்துப்பிழை மிகுதியாக இல்லை. ஆயின் வினாக்களே பிழையாக இருந்தன. 'வளாகத்தில் மிதிவண்டி வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?' 'இத்திட்டம் சுற்றுச்சூழலுக்கு நல்லதல்லவா?' 'மாதம் நூறு ரூபாய் நியாயமான கட்டணந்தானே?' இவையே அவர்கள் கேட்க எண்ணியவை.

தேர்வுக்கென்று படித்துத் தேர்வோடு மறந்துவிடும் நூல்களுள் நன்னூலும் ஒன்றாகிவிட்டது. அதனை இயற்றிய பவணந்தி முனிவர் சீனாபுரத்தைச் சார்ந்தவர் என்பது நம் கொங்குநாட்டு மரபு. அவர் வினாவினை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்துரைத்தார். விடை தெரிந்த ஆசிரியர் மாணவனை வினவுவது அறிவினா. தெரியாததைத் தெரிந்துகொள்ள வினவுவது அறியாவினா. ஒன்றைப் பெற்றுக்கொள்ளும் நோக்கில் வினவுவது கொளல்வினா. அம்மாணவர் தம் வினாக்கள் அனைத்தும் அறியாவினாவின் உடையணிந்த கொளல்வினாக்கள். அவர்கள் பெற விரும்பியது செய்தியன்று. 'ஆம்' என்னும் ஒரு சொல்லே.

அச்சொல்லைப் பெறுவது நம் மண்ணில் அரிதன்று. எதிரே நிற்பவர் மனம் நோகக் கூடாது என்பது கொங்குநாட்டார் பண்பு. 'நல்லாத்தானுங்க இருக்குது', 'பார்க்கலாமுங்க' என்று இன்முகத்துடன் கூறுவர். அது மரியாதை, கொள்முதல் உறுதி அன்று.

ஒரு பிற்பகலில் அம்மாணவர்களுடன் யானும் சென்றேன். மாணவி ஒருவரிடம், வண்டி வைத்தால் பயன்படுத்துவீர்களா என வினவினர். அவர் சற்றுத் தயங்கி, 'போன வருசம் சைக்கிள்ல வந்தப்ப துப்பட்டா சக்கரத்துல சிக்கிக்கிச்சுங்ணா' என்றார். மாணவர் அதனை 'ஆர்வம் உண்டு' என்று குறித்துக்கொண்டனர். நன்னூலார் விடையினையும் எட்டாக வகுத்துள்ளார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். எஞ்சிய ஐந்தும் விடைப்பொருளைக் குறிப்பால் தருவன. அவ்வைந்தனுள் ஒன்று 'உற்றது உரைத்தல்'. அம்மாணவி கூறியது அதுவே. தமக்கு நேர்ந்ததைச் சொல்லிப் பண்புடன் மறுத்தார். மற்றொருவர், 'பஞ்சர் ஆனா யாருங்க ஒட்டறது?' என்று கேட்டார். அது வினாவுக்கு எதிர் வினாதல். அதனையும் கேள்வியென்று தள்ளிவிட்டு, விடையில்லை எனக் குறித்தனர்.

அன்று மாலை வினாத்தாளை மாற்றி எழுதினோம். 'செய்வீர்களா?' என்பதனை நீக்கி, 'என்ன செய்தீர்கள்?' என்பதனை வைத்தோம். நேற்று வகுப்புக்கு எப்படி வந்தீர்கள்? சென்ற வாரம் எத்தனை நாள் தாமதமானது, ஏன்? பதினோராம் வகுப்பில் அரசு தந்த மிதிவண்டி இப்போது எங்கே இருக்கிறது?

இந்த இறுதி வினா இன்றியமையாதது. தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கெனத் தொடங்கிப் பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்க்கும் விரிந்தது. ஆகவே நம் மாணவர் பலர் ஏற்கெனவே ஒரு மிதிவண்டிக்கு உரிமையாளர். அதைக் கல்லூரிக்கு ஏன் கொண்டுவருவதில்லை என்று கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தம்பிக்குக் கொடுத்துவிட்டதாகச் சிலர் கூறினர். அன்னூரிலிருந்தும் கிணத்துக்கடவிலிருந்தும் பேருந்தில் வருவோர்க்கு ஊரில் இருக்கும் வண்டியால் இங்கே பயனில்லை. வளாகத்திற்குள் மரநிழலில் நடப்பது எவர்க்கும் துன்பமாக இல்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து நுழைவாயில் வரையுள்ள வெயில் வழியே அவர்தம் துன்பம்.

பயன்படுத்துவோரின் வாழ்வை அறியாமல் அறையிலிருந்தே இத்தகைய செய்திகளை ஊகிக்க இயலாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். பெண்களுக்குப் பெண்கள் வண்டியே வேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவர். அப்பெண்களுள் சிலரோ ஆண்கள் வண்டியை விரும்பினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பது காரணம்.

கேளாமல் பெருகிய தொழிலுக்கும் சான்றுண்டு. சீனத்தின் பீக்கிங் பல்கலைக்கழக மாணவர்கள் 2014-இல் ஓஃபோ நிறுவனத்தைத் தொடங்கினர். முதலில் அவர்கள் கருதியது மிதிவண்டிச் சுற்றுலா. அது எடுபடாமற் போகவே, 2015-இல் தம் வளாகத்துக்குள்ளேயே வண்டிப் பகிர்வைத் தொடங்கினர். தாம் வாழ்ந்த வளாகத்தின் தேவை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே அது வென்றது. பின்னர் ஊரூராக, நாடு நாடாக அதே மஞ்சள் வண்டியைக் கொண்டு சென்றனர். 2018-இல் அவ்வண்டிகள் நம் கோவை வீதிகளுக்கும் வந்தன. அதே ஆண்டிலேயே அந்நிறுவனம் இந்தியாவை விட்டு நீங்கியது. அவ்வாண்டின் இறுதியில் சீனத்தில் முன்வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்டுக் காத்திருந்தோர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர்.

இங்கேதான் என் அச்சம். முன்வைப்புத் தொகை வருமானமன்று. பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஐந்நூறு ரூபாய் என்பது நம் மாணவர் பலர்க்கு ஒரு மாதக் கைச்செலவு. மரியாதைக்குச் சொன்ன 'ஆம்'களை எண்ணி, அத்தொகையைத் திரட்டி, வண்டிகளை வாங்கிக் குவித்துவிட்டுப் பின்னர் கைவிரித்தால் இழப்பது பணம் மட்டுமன்று.

'காணாத பொருளைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும்? நடந்ததையே கேட்டுக்கொண்டிருந்தால் புதுமை பிறக்குமா?' என்று நண்பரொருவர் வினவினார். நியாயமான வினா. ஆனால் நடந்ததைக் கேட்பது புதுமையைத் தடுப்பதற்கன்று. அது எவ்விடத்தில் தேவை என்று காண்பதற்கே. முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் தெருக்களில் வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. மணிக்கணக்கில் வண்டி எடுத்துச் சென்ற நாட்கள் என் தலைமுறைக்கு நினைவிருக்கும். அக்கடைக்காரர் எவரிடமும் கருத்துக் கேட்டதில்லை. ஆயின் எந்த வீட்டுப் பிள்ளை எப்போது வரும், சிறுவர்க்குக் குட்டை வண்டி எத்தனை வேண்டும், எவ்வண்டிக்குச் சங்கிலி கழலும் என்பதெல்லாம் அவர் அறிவார். நாள்தோறும் கண்ட அவ்வறிவு நமக்கில்லை, அதனால்தான் கேட்கிறோம்.

அம்மாணவர்கள் வளாகமெங்கும் வண்டி நிறுத்தும் திட்டத்தைக் கைவிட்டனர். சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் முழு மூடியுள்ள ஐந்து பழைய வண்டிகளைப் பேருந்து நிறுத்தத்தருகே ஒரு மாதம் வைத்துப் பார்க்க எண்ணியுள்ளனர். முன்வைப்புத் தொகை இல்லை. பஞ்சர் ஒட்டுபவரிடம் முன்னரே பேசிவிட்டனர். வெல்வார்களா என்று யான் அறியேன்.

சமுதாயப் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இளைஞர் முதலுதவி நாடி உங்கள் வாயிலுக்கு வரும்போது, 'எவ்வளவு இலாபம் வரும்?' என்று கேட்கும் முன், 'யாரிடம் கேட்டாய்? என்ன கேட்டாய்? அவர்கள் என்ன செய்ததாகச் சொன்னார்கள்?' என்று கேளுங்கள். அதற்கு விடை வைத்திருப்பவருக்குத் தயங்காமல் கை கொடுங்கள்.