கட் ஆஃப் இருக்கட்டும், பிளஸ் ஒன் நோட்டு எங்கே?

அன்பு மாணவர்களுக்கும் சொந்தபந்தங்களுக்கும் திருமழிசையிலிருந்து எழுதுகிறேன். இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் என் கெமிஸ்ட்ரியைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, பாப்பா கெமிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன்னு நிக்கிறா. பயாலஜி குரூப் எடுக்கணுமா, கம்ப்யூட்டர் குரூப்பா? கட் ஆஃப் எவ்வளவு வேணும்?" என்று கேட்டான். கேள்வியில் தப்பில்லை. ஆனால் நான் சொன்ன பதில் அவனுக்குப் பிடிக்கவில்லை. உங்களில் பலர் வீட்டிலும் இதே பேச்சு ஓடுவதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளில் சேர பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். நாலாவது பாடம் பயாலஜியோ கம்ப்யூட்டரோ, எதுவானாலும் சரி. மூன்று பாடமும் சேர்த்துப் பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் குறைந்தபட்சம். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட் ஆஃப். எல்லாமே பிளஸ் டூ மதிப்பெண். பிளஸ் ஒன் மதிப்பெண்ணுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. என் சண்டை இந்தக் கடைசி வரியோடுதான்.

கெமிக்கல் இன்ஜினியரிங் என்றால் நிறைய கெமிஸ்ட்ரி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. ஆய்வகத்தில் ஒரு பீக்கரில் செய்ததை ஆலையில் டன் கணக்கில், நஷ்டமில்லாமல், யாரும் சாகாமல் செய்யும் வித்தை அது. உள்ளே எவ்வளவு போகிறது, வெளியே எவ்வளவு வருகிறது, வெப்பம் எங்கே போகிறது என்ற கணக்குதான் அதன் அஸ்திவாரம்.

2020 மே மாதம் கோயம்பேடு காய்கறிச் சந்தை நம் ஊருக்கு வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது தக்காளி மூட்டைகளைப் பார்த்து நான் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கு இது. 100 கிலோ தக்காளிக் கூழில் 95 சதவீதம் தண்ணீர். காய்ச்சித் தண்ணீரை 90 சதவீதமாகக் குறைத்தால் மிஞ்சுவது எத்தனை கிலோ? பெரும்பாலோர் 95 என்றார்கள். விடை 50. சாறு போக இருக்கும் சத்து 5 கிலோ, அது மாறாது. அந்த 5 கிலோ இப்போது பத்து சதவீதம் என்றால் மொத்தம் 50 கிலோதானே? கெமிக்கல் மாணவன் பிராசஸ் கால்குலேஷன் என்ற பாடத்தில் செய்வது இதேதான். தக்காளிக்குப் பதிலாக அங்கே அமிலமும் வாயுவும் இருக்கும்.

இதற்கான விதையைப் பள்ளியில் எங்கே போடுகிறோம்? மோல் கணக்கு, வாயு நிலைமை, வெப்ப இயக்கவியல், சமநிலை, கரைசல்கள் எல்லாம் பிளஸ் ஒன் வேதியியல். பாய்மங்கள், பாகுநிலை, பெர்னௌலி, வெப்பம், வாயுக்களின் இயக்கக் கொள்கை எல்லாம் பிளஸ் ஒன் இயற்பியல். வகையிடலும் தொகையிடலும் முதன்முதலில் வருவது பிளஸ் ஒன் கணிதம். பிளஸ் டூவில் வேதிவினை வேகவியல், வகைக்கெழுச் சமன்பாடு போன்ற முக்கியமான பாடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவையும் பிளஸ் ஒன் மேல்தான் நிற்கின்றன. கல்லூரியில் கெமிக்கல் படிக்கத் தேவையானதில் பாதிக்குமேல் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருக்கிறது. கல்லூரியில் இடம் கொடுப்பவர்களோ அந்தப் புத்தகத்தைப் பார்ப்பதேயில்லை.

பார்க்காததை யார் நடத்துவார்? எத்தனையோ பள்ளிகளில் பிளஸ் ஒன் வகுப்பிலேயே பிளஸ் டூ பாடம் ஓடுகிறது. யாரையோ சொல்லித் தப்பிக்க மாட்டேன். நானும் அந்தப் பாவத்தில் பங்கு வாங்கியவன். நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு வருஷம் தீபாவளி முடிந்ததும், "சார், டூ போர்ஷனை ஆரம்பிச்சிடுங்க" என்றார்கள். வெப்ப இயக்கவியலை இரண்டே பீரியடில் முடித்துவிட்டு ஆரம்பித்தேன். ரிசல்ட் பிரமாதம்; எனக்குச் சால்வை போட்டார்கள். அந்த செட்டில் கெமிக்கல் சேர்ந்த ஒரு பையன் இரண்டாம் வருஷம் நாலு அரியரோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். "சார், என்தால்பின்னா என்னான்னே புரியல" என்றான். பள்ளியில் கெமிஸ்ட்ரியில் அவன் முழு மதிப்பெண். அந்தச் சால்வையை நான் அதற்குப் பிறகு எடுத்ததில்லை.

இந்த வியாதி அரசுக்கும் தெரியும். அதனால்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2018 செப்டம்பரிலேயே, உயர்கல்விக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று மாற்றினார்கள். இப்போது 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வும் போய்விட்டது. "மூணு வருஷம் தொடர்ந்து மூணு பொதுத்தேர்வு, பிள்ளைங்க பாவம் சார்" என்கிறீர்கள். எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது. தேர்வை எடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. தேர்வை எடுத்தால், பாடம் நடந்ததா என்று பார்க்க வேறு ஏற்பாடு வேண்டாமா? காவலாளியை அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்து போட்டால் எப்படி?

இதில் அடிபடுவது யார் என்றும் பாருங்கள். ஐஐடி, என்ஐடிக்கான ஜேஇஇ தேர்வில் பிளஸ் ஒன் பாடமும் உண்டு. காசு கட்டி கோச்சிங் போகும் பிள்ளைக்கு அதை அங்கே ஒழுங்காக நடத்திவிடுகிறார்கள். பள்ளியை மட்டுமே நம்பும் பிள்ளைக்குத்தான் அஸ்திவாரம் இல்லாமல் போகிறது. நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துகிறது என்றுதான் இங்கே அதை ஒழித்தோம். நல்ல காரியம். வாசலைத் திறந்துவிட்டோம், சரி. உள்ளே போன பிள்ளை தடுக்கி விழாமல் இருக்கவும் வழி செய்ய வேண்டாமா?

"ஏதோ பாஸ் பண்ணி ஐடி வேலைக்குப் போயிடுவாங்க, விடுங்க சார்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அத்தனை பேரும் போவதில்லை. சிலர் மணலிக்கும் எண்ணூருக்கும் ராணிப்பேட்டைக்கும்தான் போவார்கள். 1984 டிசம்பரில் போபாலில் மெத்தில் ஐசோசயனேட் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. வினையில் வெப்பம் எழுந்தது, வெப்பத்தில் வினை வேகமெடுத்தது, அழுத்தம் ஏறியது. குளிரூட்டும் அமைப்பை முன்பே நிறுத்தியிருந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அதற்குக் காரணம் பல. படிப்பு மட்டும் இல்லை. ஆனால் குளிரூட்டியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லும் கணக்கு பிளஸ் ஒன்னில்தான் தொடங்குகிறது. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்து நள்ளிரவில் சனங்கள் வீட்டை விட்டு ஓடினார்களே, அது நமக்கு எவ்வளவு தூரம்?

நான் கேட்பது ஒன்றுதான். பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் வினாத்தாளில் பிளஸ் ஒன் அடிப்படைப் பாடங்களிலிருந்தும் ஒரு பங்கு கேள்வி வரட்டும். அதற்கு ஈடாக பிளஸ் டூ பாடத்தைக் கொஞ்சம் குறைக்கட்டும். தேர்வு கூடாது, சுமை கூடாது. ஆனால் எந்தப் பள்ளியும் பிளஸ் ஒன்னைத் தாண்டிக் குதிக்க முடியாது.

அது வரும்வரை பெற்றோர்கள் காத்திருக்க வேண்டாம். நவம்பர் மாதம் பிள்ளையின் பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி நோட்டை வாங்கிப் பாருங்கள். வெப்ப இயக்கவியலில் எத்தனை கணக்குப் போட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். இல்லையென்றால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். ஆசிரியரிடம் சண்டை போடாதீர்கள். அவர் கையைக் கட்டியிருப்பார்கள். நிர்வாகத்திடம் கேளுங்கள். ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களே, நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

தங்கை மகன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறான். ஆனால் பாப்பா நேற்று அவளாகவே போன் செய்து தக்காளிக் கணக்கைக் கேட்டாள். முதலில் 95 என்றாள். போனை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, "தாத்தா, ஐம்பது" என்றாள். அந்தப் பிள்ளைக்குப் பாடத்தை நடத்தாமல் விட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான் என் கோரிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் திண்ணையில்தான் இருப்பேன். பிளஸ் ஒன் புத்தகத்தோடு யார் வந்தாலும் சொல்லித் தருகிறேன்.

என்றும் உங்கள் கெமிஸ்ட்ரி சார்