நள்ளிரவு ஆணைகளும் ஊருக்குப் போகும் பணமும்

"இங்கே சம்பாதித்து வடக்கே அனுப்பிவிடுகிறார்கள்" என்ற முணுமுணுப்பைத் திருவள்ளூர் மாவட்டத்தில் அடிக்கடி கேட்கிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் வேகும் பீகார், ஒடிசா இளைஞர்கள்மேல் சுமத்தப்படும் பழி இது. வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் செய்வதும் இதுவேயன்றோ?

அவர்களால் அனுப்ப முடியாமற்போன நாட்களை அன்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். 2016 நவம்பர் 8 அன்று, புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு நள்ளிரவு முதல் செல்லாதென அறிவிக்கப்பட்டது. கூலியைச் செல்லாத நோட்டுகளாகவே பெற்றவன் வீட்டுக்கு எதை அனுப்புவான்? 2020 மார்ச் 24 இரவு, நாட்டையே அடைப்பதற்கு நான்கு மணி நேர அவகாசம்தான் தரப்பட்டது. அப்போது பணத்தின் திசையே திரும்பிற்று. நகரங்களில் சிக்கிய பிள்ளைகளின் சோற்றுக்கும் பயணத்துக்கும் கிராமத்துப் பெற்றோர் கடன் வாங்கி அனுப்பினார்கள்! நோயைத் தடுக்க வேண்டாமா எனில், வேண்டும். கூலிக்கு வழி சொல்லாமலா?

2025இல் அமெரிக்கா, அங்குள்ள அயல்நாட்டார் தாயகத்துக்கு அனுப்பும் பணத்துக்கு 5 விழுக்காடு வரி என்றபோது நாம் பதறினோம். ரொக்கமாக அனுப்புவதற்கு மட்டும் 1 விழுக்காடு என அது சுருங்கியது தனிக்கதை. டாலருக்குப் பதற்றம், பாட்னாவுக்குப் போகும் ரூபாய்க்கு முணுமுணுப்பு!

1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டத்துக்கு மாற்றான சட்டத் தொகுப்பு 2020இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்ததோ 2025 நவம்பர் 21 அன்று. ஐந்தாண்டுகள் 'வருமா, வராதா' என்பதிலேயே கழிந்தன. அடுத்த மாதக் கூலி உறுதியில்லாதவன் ஊரில் எந்தத் துணிவில் சுவர் எழுப்புவான்? ஆணையிடுவோர் முன்னறிவிப்புத் தரட்டும். ஒப்பந்தக்காரர் கூலியை நாள் தவறாமல் வங்கியில் செலுத்தட்டும். நாமும் முணுமுணுப்பை நிறுத்துவோம்.