காரைக்காலுக்கு ஒரு நடமாடும் கன்ட்ரோல் ரூம்: காசு யார் தரணும்?

சனிப்பெயர்ச்சி வந்தா திருநள்ளாறுல தற்காலிக கன்ட்ரோல் ரூம், கண்காணிப்பு கேமரா, மூங்கில் தடுப்புன்னு எல்லாம் முளைக்கும். கூட்டம் கலைஞ்சதும் பிரிச்சு எடுத்துட்டுப் போயிருவாங்க. இதுக்குப் பேசாம போலீசுக்கு ஒரு நடமாடும் கட்டுப்பாட்டு வாகனம் வாங்கிக் குடுத்துடலாமேன்னு நண்பர்கள் மத்தியில ஒரு பேச்சு ஓடுச்சு. அதான் வேனுக்குள்ளேயே வயர்லெஸ், உயரமான கம்பத்துல கேமரா, திரைகள், ஜெனரேட்டர், நாலு அதிகாரிங்க உட்கார்ந்து பேச ஒரு மேசைன்னு இருக்குமே, அந்த வண்டி.

என் கட்சி இதுதான்: வண்டி வேணும். ஆனா திருவிழாவுக்காக இல்ல.

திருவிழாவைக் காரணம் காட்டி வண்டி வாங்கினா என்ன ஆகும்னு அமெரிக்காக்காரன் ஏற்கெனவே காட்டிட்டான். 2001 செப்டம்பருக்கு அப்புறம் அங்க மத்திய அரசு காசு ஆறா ஓடுச்சு. ஊருக்கு ஊரு கட்டளை வாகனம், கவச வாகனம்னு வாங்கித் தள்ளுனாங்க. நியூ ஹாம்ஷைர்ல கீன்னு ஒரு ஊரு, மக்கள்தொகை சுமார் 23,000. கவச வண்டிக்கு விண்ணப்பம் போட்டப்ப தங்களோட பூசணித் திருவிழாவையும் ஒரு காரணமா எழுதினாங்க. 2012-ல செனட்டர் டாம் கோபர்ன் வெளியிட்ட அறிக்கையில இது சந்தி சிரிச்சுது. ஆனா 2014-ல அதே திருவிழா சமயத்துல நிஜமாவே அங்க கலவரம் நடந்துச்சு :) அதனால ஒரேயடியா சிரிச்சுட்டும் போக முடியல.

நம்ம கதைக்கு வருவோம். திருநள்ளாறு கூட்டம் எந்த நாள்ல வரும்னு பஞ்சாங்கமே சொல்லிடும். ரெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை. 2020 டிசம்பர் 27, 2023 டிசம்பர் 20 எல்லாம் முன்கூட்டியே தெரிஞ்ச தேதிகள். அதுக்குத் தற்காலிக கன்ட்ரோல் ரூமே போதும்.

தேதி சொல்லாம வர்றதுக்குத்தான் வண்டி. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை. காலையில சுமத்ராவுல பூமி ஆடி, நம்ம கரைக்குத் தண்ணி வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பட்டினச்சேரிக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் காரைக்கால்மேட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்ல. மாவட்டம் முழுக்க நூத்துக்கணக்கான உயிர் போச்சு. இப்ப ஹைதராபாத்துல 2007-லேருந்து சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கு. சேதி மாவட்டத் தலைமைக்கு வந்துடும். அங்கேருந்து குப்பத்துக்குப் போறதும், போன பிறகு யாரு எங்க நிக்கணும்னு சொல்றதும்தான் பாக்கி. 2018 நவம்பர் 16 கஜா புயல்ல கரண்ட் போச்சு, பல இடத்துல செல்போனும் செத்துச்சு. கட்டடத்துக்குள்ள இருக்குற கன்ட்ரோல் ரூம் அந்த மாதிரி நேரத்துல வெறும் ரூம்தான்.

சரி, காசு? மூணு வழி சொல்றாங்க.

ஒண்ணு, கோயில் உண்டியல். வேணாம். சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏத்த வந்தவங்க காசுல அரசாங்கம் தன் கடமையைச் செய்யக் கூடாது.

ரெண்டு, கம்பெனிகளோட சமூகப் பொறுப்பு நிதி. பேரிடர் மேலாண்மைக்கு அதைச் செலவழிக்கச் சட்டத்துல இடம் இருக்கு. நம்ம ஊர்ல நெரவியில ஓஎன்ஜிசி, வாஞ்சூர்ல 2023-லேருந்து அதானி கைக்குப் போன துறைமுகம்னு பெரிய கைகளும் உண்டு. ஆனா யோசிச்சுப் பாருங்க. துறைமுகத்து நிலக்கரித் தூசு பத்தி ஜனங்க பல வருஷமா புகார் சொல்லிட்டு வர்றாங்க. நாளைக்கு அவங்க ரோட்டுல உட்கார்ந்தா, கம்பெனி பேர் எழுதின வண்டியில போலீஸ் வந்து இறங்குமா? மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் குடுக்கட்டும், வாங்கிக்கலாம். லத்தி வச்சிருக்கிற துறை தனியார்கிட்ட கைநீட்டக் கூடாது.

மூணு, அரசு பட்ஜெட். இதுதான் நேர்வழி, ஆனா இங்கதான் சிக்கல். புதுச்சேரி மத்திய நிதிக்குழு வரம்புக்குள்ள வராத யூனியன் பிரதேசம். மாநிலங்களுக்குக் கிடைக்கிற பங்கு இல்ல, டெல்லி தர்ற மானியத்தை எதிர்பார்க்கணும். அப்படியே கிடைச்சாலும் நாலு பகுதிக்கு ஒரே வண்டின்னு வாங்குவாங்க. மாஹே கேரளக் கரையில, ஏனாம் ஆந்திராவுல. வண்டி எங்க நிக்கும்? புதுச்சேரியிலதான், சந்தேகமே வேணாம். அங்கேருந்து சுமார் 130 கி.மீ., நடுவுல கடலூர், சிதம்பரம், கொள்ளிடம். புயலன்னிக்கு ஒரு மரம் சாஞ்சா போதும், வண்டி அங்க, நாம இங்க.

அதனால நம்ம எம்எல்ஏக்கள் அஞ்சு பேரும் சேர்ந்து கேக்கணும். நிபந்தனையோட கேக்கணும்:

1. வண்டி காரைக்கால்லயே நிக்கணும்.
2. டீசல், டிரைவர், வயர்லெஸ் ஆபரேட்டர், பேட்டரி எல்லாத்துக்கும் அஞ்சு வருஷச் செலவு முதல் நாளே ஒதுக்கணும். இல்லாட்டி ரெண்டாவது வருஷம் ஸ்டேஷன் வாசல்ல துருப்பிடிச்சு நிக்கும்.
3. பெரிய பஸ் வேணாம். குப்பத்துச் சந்துக்குள்ள நுழையுற வேன் போதும்.
4. உள்ள நாகப்பட்டினம், மயிலாடுதுறை போலீசுக்கும் ஆளுக்கொரு நாற்காலி. நண்டலாறு பாலம் தாண்டினா வேற போலீஸ், வேற தலைமை. அலைக்கு அந்த எல்லை தெரியாது.
5. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஒத்திகை, மீனவப் பஞ்சாயத்தாரையும் வச்சு.

கேமரா கம்பத்தை வச்சு ஆர்ப்பாட்டத்துல யார் யார் வந்தாங்கன்னு படம் பிடிப்பாங்களேன்னு ஒரு பயம் இருக்கு. நியாயமான பயம். எப்ப எடுக்கலாம், எத்தனை நாள் வச்சிருக்கலாம்னு விதி எழுதி ஊரறிய ஒட்டிட்டு வண்டியை எடுக்கட்டும்.

இந்த அஞ்சுக்கும் ஒத்துக்கலைன்னா வண்டியே வேணாம். அந்தக் காசுல ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு வயர்லெஸ் செட்டும் சைரனும் வாங்கி வைக்கலாம். 2004-ல அந்தமான்லேருந்து சேதி வெளியே வர உதவுனது ஹாம் ரேடியோக்காரங்கதான், பெரிய வண்டி எதுவும் இல்ல.

நாகை, மயிலாடுதுறைப் பக்கத்துப் பதிவர்கள் என்ன சொல்றீங்க? நாலாவது நிபந்தனை நடக்குமா?