வாயில் வளைவும் விண்மீன் படமும்

எமது கல்லூரியின் பொன்விழாவுக்கு நிலைத்த நினைவாக யாது செய்யலாமென ஆராயும் பொருட்டுப் பழைய மாணவர் கூடிய கூட்டத்திலே பல யோசனைகள் எழுந்தன. முகப்பிலே வாயில் வளைவொன்று அமைக்கவேண்டுமென்பது பெரும்பாலோர் விருப்பம். யாம் எழுந்து, இரவு வானைப் படம் பிடித்தற்கேற்ற கமரா ஒன்றும், ஆட்டங்கொடாத முக்காலி ஒன்றும், அவற்றை ஈரம் அணுகாது காத்தற்கு அலமாரி ஒன்றும் வாங்கினால் வளைவுச் செலவில் ஒரு தூணளவும் ஆகாதென்றோம். மண்டபம் சிரித்தது. "இரத்தினபுரியிலே வானம் இருக்கிறதென்று உமக்கு யார் சொன்னது?" என்று எமது வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். அச்சிரிப்பில் யாமும் கலந்துகொண்டோமேயன்றி விடையொன்றும் கூறினோமல்லேம். கல்லூரியை நீங்கித் தோட்டப் பாடசாலையொன்றிற் படிப்பித்துவரும் காலமெல்லாம் இவ்வொரு பொழுதுபோக்கிலேயே இரவுகளைக் கழித்த எமக்கு அம்மௌனம் தகாது. விடையை இம்மலரிலே கூறுகின்றோம்.

நண்பரின் கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேலாக மழை பெய்கின்றது. வைகாசி முதலாகத் தென்மேற்குப் பருவக்காற்று முகிலைக் கொணர்ந்து மலைகளில் நிறுத்திவிடும். அஃது ஓய்ந்தபின் ஐப்பசி, கார்த்திகையிற் பிற்பகல்தோறும் இடிமழை. எஞ்சுவன தையும் மாசியுமே. அவ்விரு மாதங்களிலும் பூரணைக்கு முன்னும் பின்னுமுள்ள இரவுகளை நிலவு கொண்டுபோய்விடும். இதிலொரு வேடிக்கையும் உண்டு. எமக்கு விடுமுறை தரும் போயா நாள் எதுவோ, அதுவே விண்மீன் படத்துக்கு ஒரு சிறிதும் உதவாத நாள். இவ்வாறு கழித்துக்கொண்டு போனால் ஆண்டு முழுவதிலும் எமக்குக் கிடைப்பன விரல்விட்டு எண்ணத்தக்க இரவுகளே.

முகிலிடம் தோற்றவர் யாம் மாத்திரமல்லேம். 1955 ஆம் ஆண்டு யூன் 20 ஆம் திகதி பூரண சூரிய கிரகணத்தின் நிழல் இந்நாட்டின் மேற் சென்றபொழுது, அதைப் படம் பிடித்தற்காகப் பொலனறுவைப் பகுதிக்கு மேனாட்டு அறிஞர் பலர் பெட்டி பெட்டியாகக் கருவிகளோடு வந்திறங்கினர். முகில் அவர்களுட் பெரும்பாலோரை வெறுங்கையராய்த் திருப்பியனுப்பியது. கடல்கடந்து வந்தவர்க்கு அந்நிலையாயின், லயத்துக்குப் பின்புறமுள்ள மேட்டில் நின்று மறுநாளும் பார்க்கலாமென்று வீடு திரும்பும் எமக்கு முறைப்பாடு எதற்கு?

மேலும், தை மாசியில் எமது பக்கத்தில் நிகழும் ஒன்றைக் கொழும்பிலிருப்போர் அறியார். இறப்பர் மரங்கள் அப்பொழுதுதான் இலையுதிர்க்கின்றன. ஆண்டு முழுவதும் தலைக்குமேற் கூரையாய் நின்ற இலைகள் வீழ்ந்து, கொப்புகளுக்கிடையே வானம் திறக்கின்றது. மழை குறைவதும் மரம் திறப்பதும் ஒரே காலத்தில் அமைந்திருத்தலைக் காணுந்தோறும், இத்தொழிலுக்கென்றே யாரோ நாட்குறித்துத் தந்தனரோவென எண்ணத் தோன்றும்.

அடுத்த இடர் நிலவுருண்டையில் எமது இருப்பிடத்தால் வருவது. பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கின்றது. அதாவது சந்திரனின் அகலமளவு தூரத்தை விண்மீனொன்று இரண்டு நிமிடத்திற் கடந்துவிடும். ஆகவே அசையாத கமராவின் வாயைப் பத்துச் செக்கனுக்கு மேல் திறந்துவைத்தால், சாதாரண வில்லையிலும் விண்மீன் புள்ளியாய் நில்லாது கோடாய் இழுபடும். இதனைத் தவிர்ப்பதற்குக் கமராவைப் பூமியின் அச்சுக்கு இணையான ஓர் அச்சிலே வானத்தோடு கூடவே திருப்பவேண்டும். வடநாட்டவர் துருவ விண்மீனைப் பார்த்து அவ்வச்சை நொடிப்பொழுதில் ஒழுங்குசெய்துகொள்வர். எமக்கோ துருவன் அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரத்திலேதான் நிற்கின்றான். அவ்வேழு பாகைக்குள் ஒரு மலையும், மலைமேல் மரமும், மரத்துக்கு மேற் பனிப்புகையும் உள. இத்தோட்டத்துக்கு வந்தபின் துருவனை யாம் கண்ணாற் கண்டது மிகச் சில முறையே.

இதற்கு விடை கண்டவர் தோட்டத்துத் தச்சர். 1975 ஆம் ஆண்டிலே ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஹெய்க் என்பவர் எளிய பொறியொன்றை விவரித்தெழுதினார். இரண்டு பலகை, அவற்றை இணைக்கும் ஒரு பிணைச்சல், மேற்பலகையை உயர்த்தும் ஒரு திருகாணி, வேறொன்றுமில்லை. புரிக்குப் புரி ஒரு மில்லிமீற்றர் இடைவெளியுள்ள திருகாணியைப் பிணைச்சலின் அச்சிலிருந்து 228 மில்லிமீற்றர் தள்ளி அமைத்து, நிமிடத்துக்கு ஒரு சுற்றாகக் கையாற் சுற்றினால், மேற்பலகையும் அதன்மீதுள்ள கமராவும் வானத்தின் வேகத்திலேயே திரும்பும். இறப்பர் பலகையிற் செய்யலாமென்றோம். "அது பூச்சியரிக்கும் மாஸ்டர், வானத்தைப் பிடிக்கிறதுக்கு அது ஆகாது" என்று கூறித் தச்சர் பலாப் பலகை எடுத்தார். துருவன் தெரியாத குறையைத் திசையறிகருவியும் கொத்தனாரின் நீர்மட்டமும் தீர்த்தன. பிணைச்சலை வடக்கே நோக்கவைத்து ஏழு பாகை உயர்த்திவிட்டால், சில நிமிடங்களுக்கு நேரும் பிழை படத்திற் புலனாகாது.

திருகாணியைச் சுற்றும் பணி எமது மாணவனொருவனுடையது. தந்தையார் பால்வெட்டும் தொழிலாளி. விடியுமுன் எழுந்து பழகிய குடும்பம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சிறிதும் பிசகாது அவன் சுற்றுவான். யாம் சுற்றினால் நடுவிற் கொட்டாவி வந்து படமும் வளைந்துவிடும். ஓரயன் மண்டலத்து வாளிலுள்ள ஒண்முகிலை முதன்முதலாக நான்கு நிமிடம் படம் பிடித்த இரவு அவனொரு கேள்வி கேட்டான். "சேர், கண்ணுக்கு வெறும் புகைமாதிரித்தானே தெரியுது, படத்திலே மட்டும் எப்பிடி ரோசாப்பூ நிறம் வந்தது?" கண் தான் பெற்ற ஒளியை உடனுக்குடன் செலவழித்துவிடுகின்றது, கமராவோ நான்கு நிமிடத்து ஒளியையும் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்துக் கொடுக்கின்றது என்றோம். "சேமிப்புப் புத்தகம் மாதிரி" என்றான். இதனினும் தெளிவான விளக்கத்தை யாம் எந்நூலிலும் கண்டிலேம்.

1883 இல் இதே ஒண்முகிலைப் படம் பிடித்த இங்கிலாந்துப் பொழுதுபோக்காளர் ஏ. ஏ. கொமன் என்பவரின் தட்டிலேதான், தொலைநோக்கியூடாகவும் மனிதக் கண் கண்டிராத விண்மீன்கள் முதன்முதலிற் பதிவாயின. அவர் வான்சாத்திரப் பேராசிரியரல்லர், தொழிலாற் பொறியியலாளர்.

ஏனைய தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லி விடுவோம். முதலாவது பூஞ்சணம். எமது காற்றிலுள்ள ஈரம் ஒரு மாரிக்குள் வில்லையின் உள்ளே சிலந்திவலைபோலப் படர்ந்துவிடும். ஒருமுறை பொறித்துவிட்டால் மெருகு மீளாது. அலமாரிக்குள் சிறு மின்குமிழொன்றை எரியவிடுதல் இந்நாட்டுப் பழைய வழக்கம். ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகள் இன்னும் நன்று. தேயிலை ஈரத்தை இழுக்குமென்று கேட்டு, எமது வில்லையொன்றைத் தேயிலைப் பெட்டிக்குள் வைத்தோம். ஈரம் அணுகவில்லை, தூள் புகுந்துவிட்டது. அவ்வில்லை இன்றும் மெல்லிய தேநீர் மணத்தோடு விளங்குகின்றது.

இரண்டாவது அட்டை. அதைப்பற்றிச் சப்பிரகமுவ வாசகருக்கு எழுதுதல் மிகை.

மூன்றாவது எமது மாவட்டத்துக்கே உரியது. நள்ளிரவிலே கைவிளக்கும் கம்பிகளும் கொண்டு ஒருவன் வெறுங்காணியிற் குனிந்து நின்றால், இரத்தினபுரியில் அவன் செய்யும் தொழில் ஒன்றேயென ஊரார் முடிவுசெய்வர். காவற்காரர் எம்மை இருமுறை அவ்வாறு பிடித்தார். "மாஸ்டர், இங்ஙன கல்லு இல்லீங்க, ஆத்தோரமா போங்க" என்று அவர் இரகசியமாக அறிவுரையும் கூறினார். கமராவின் திரையிலே தெரிந்த ஒண்முகிலைக் காட்டியபின்பே நம்பினார். இப்பொழுது யாம் வரும் இரவுகளிற் கொழுந்து மடுவத்தின் பெரிய விளக்கை அணைத்துவைப்பவர் அவரே.

இனி, கூட்டத்திலே இன்னொருவர் கூறிய தடைக்கு வருவோம். "இது செல்வர் விளையாட்டு, தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு?" என்றார் அவர். இதுவே எம்மை வருத்திய சொல்.

பால்வீதியைப் படமெடுத்தோருள் முதல்வராகப் போற்றப்படும் பார்னாட் 1857 இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலே பிறந்தார். தந்தையற்ற குடும்பம், பள்ளிப்படிப்பு மிகச் சொற்பம். ஒன்பது வயதளவில் ஒரு புகைப்பட நிலையத்திலே வேலைக்கமர்ந்தார். சூரிய ஒளியாற் படத்தைப் பெருப்பிக்கும் பெரிய கருவியொன்று சூரியனைவிட்டு விலகாதபடி நாள்முழுதும் கையால் திருப்பிக்கொண்டிருத்தலே அச்சிறுவனின் வேலை. அவ்வாறு வானத்தின் நகர்வைக் கையாற் கற்றவர், பின்னாளில் லிக் வானாய்வகத்திலே மனிதமுகம் படமெடுக்கும் பழைய வில்லையொன்றைக் கொண்டு 1889 முதற் பால்வீதியின் முகில்களைப் பதிவுசெய்தார். 1892 இற் புகைப்படத்தின் வாயிலாகவே வால்வெள்ளியொன்றைக் கண்டுபிடித்தார். படத்தின் மூலம் அவ்வாறு கண்டுபிடிக்கப்பட்ட முதல் வால்வெள்ளி அதுவே. அவர் திருப்பிய கருவிக்கும் எமது மாணவன் சுற்றும் திருகாணிக்கும் வேற்றுமை பெரிதன்று.

இந்நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. கொழும்பிற் பிறந்து திருகோணமலையிற் பணிபுரிந்த மோல்ஸ்வேத் என்னும் படையதிகாரி ஓய்வுநேரத்திலேயே வியாழனையும் செவ்வாயையும் ஆராய்ந்தார். 1901 இல் வியாழனின் மேற்பரப்பிலே அவர் கண்ட பெருங்குழப்பம் வானியல் நூல்களில் இடம்பெற்றது. செவ்வாயிலுள்ள வட்டப்பள்ளமொன்று இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது. அவர் கையாண்டது பென்சில். எமக்குக் கமரா வாய்த்திருக்கின்றது.

பயன் யாதென்பார்க்கு ஒன்றை மாத்திரம் கூறுவோம். எமது திருமணங்களிலே மணமகளுக்கு அருந்ததி காட்டுகின்றோம். முகூர்த்தம் பெரும்பாலும் பகல். குருக்கள் விரல் நீட்டுமிடத்திலே இருப்பது பந்தலின் தகரக்கூரை. "கண்டேன்" என்று மணமகளும் தலையசைப்பாள். வசிட்டரென்றும் அருந்ததியென்றும் எம்மவர் கூறும் அவ்விணை, 1857 இலேயே அமெரிக்காவின் ஹாவாட் வானாய்வகத்திற் படமெடுக்கப்பட்டது. இரட்டை விண்மீன் புகைப்படத்துக்கு அகப்பட்டது அதுவே முதன்முறை. நாம் வணங்கும் மீனை அவர் அளந்தனர். சென்ற மாசியிற் பின்னிரவொன்றிலே அருந்ததியைப் படம் பிடித்து, அச்சிட்டுத் தச்சருடைய மனைவியாரிடம் கொடுத்தோம். நாற்பதாண்டு கொழுந்தெடுத்தவர் அவர். நெடுநேரம் பார்த்திருந்து, "கலியாணத்தன்னைக்குப் பாத்தேன்னு பொய் சொன்னேன் மாஸ்டர்" என்றார். அப்படம் இப்பொழுது அவர்களுடைய சாமிப் படங்களுக்கு அருகே இருக்கின்றது.

அதே தை மாசி இரவுகளில், முன்னிரவிலே தெற்கே அகத்தியர் மீனுக்குக் கீழ்ப்புறமாக மகெல்லன் முகிலைக் காணலாம். வடக்கே சிவனொளிபாதமலையின் பருவகால விளக்குகளுக்கு மேலே விண்மீன்கள் அரைவட்டம் வரைவதையும் பிடிக்கலாம். துருவன் தாழ நிற்பதால் வந்த நன்மை இது. தெற்கு வானத்துக்காக இங்கிலாந்துப் பொழுதுபோக்காளர் கப்பலும் விமானமும் ஏறவேண்டும். எமக்கு வேண்டியது இரவிலே கண்விழித்தல் மாத்திரமே.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். இக்காலத்துக் கைத்தொலைபேசிகளுட் சில, மங்கலான சந்திரனைக் காட்டினால் அதிலில்லாத நுணுக்கங்களைத் தாமே சேர்த்து அழகுபடுத்திக் கொடுக்கின்றன. மாணவர் அவற்றைத் தம் படமென்று கொண்டாடுதல் எமக்கு உடன்பாடன்று. 16 படங்களைக் கணினியில் அடுக்கிச் சராசரி காணும்பொழுது மணல்போன்ற இரைச்சல் நான்கிலொன்றாகக் குறைகின்றது. அஃது உள்ளதைத் துலக்குதல். இல்லாததைத் தீட்டுதல் வேறு. வளைந்து கோடாய்ப்போன எமது பழைய படங்களை யாம் எறியாது வைத்திருப்பதும் இக்காரணத்தாலேயே.

வாயில் வளைவுக்கு யாம் பகைவரல்லேம். அஃது எழட்டும்; அதன் உச்சியிலே வானோக்கி எரியும் விளக்கை மாத்திரம் வைக்காதிருந்தாற் போதும். கமராவுக்கான கோரிக்கையை அடுத்த கூட்டத்திலும் முன்வைப்போம். தச்சர் இரண்டாவது பொறிக்குப் பலகை அறுத்து வைத்துவிட்டார். பிணைச்சலும் திருகாணியும் வாங்கவேண்டும். சிரித்த நண்பரும் ஏனையோரும் தை அமாவாசை இரவிலே எமது மேட்டுக்கு வரலாம். மழையில்லாத மாதமெனினும் காலுறைக்குச் சவர்க்காரம் பூசி வருதல் நலம்.